பிள்ளை அழவில்லை என்றால் அதை எப்படிப் படிப்பது: பதின்ம வயதும் சைக்கோபதி வினாத்தாளும்

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் தாண்டியதும் எம்.எஸ்.டபிள்யூ., உளவியல் முதுகலை படிக்கிற பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது கையில் ஒரு வினாத்தாளோடு என்னிடம் வந்து நிற்பார்கள். தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான், பதின்ம வயதினரிடம் சைக்கோபதிக் குணங்கள். இணையத்தில் கிடைத்த ஆங்கிலக் கேள்விகளை ஒரே ராத்திரியில் தமிழாக்கி, தெரிந்த பள்ளி இரண்டில் நிரப்பி வாங்கி, வந்த சராசரியை ஏதோ ஒரு வெளிநாட்டு ஆய்வின் சராசரிக்குப் பக்கத்தில் வைத்து, நம் மாணவர்களுக்கு இரக்கம் குறைவு என்று முடிவும் எழுதி வைத்திருப்பார்கள். ஆய்வேட்டில் இந்தத் தவறு நடந்தால் திருத்த ஒரு வழிகாட்டி இருக்கிறார். இதையே ஒரு பள்ளி ஆலோசகரோ காப்பக ஊழியரோ செய்தால் அந்தத் தாள் ஒரு பிள்ளையின் கோப்பில் ஏறி உட்கார்ந்துவிடும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பையன். ஒன்பதாம் வகுப்பு. தினமும் தாமதம், வீட்டுப்பாடம் கிடையாது, ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது, எவ்வளவு திட்டினாலும் முகம் மாறாது. "கல்லுளிமங்கன் மேடம், எதுக்கும் அசைய மாட்டான்" என்று சொல்லித்தான் வகுப்பாசிரியர் அனுப்பினார். அப்போது நானும் வேலைக்குப் புதிது. 24 கேள்வி வினாத்தாள் ஒன்றைக் கொடுத்தேன். உணர்ச்சியை வெளிக்காட்டாமை என்ற பகுதியில் 15க்கு 14. அக்கறையின்மைப் பகுதியிலும் அதிகம். தாளை மட்டும் வைத்து அறிக்கை எழுதியிருந்தால் அவன் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவனிடம் மறுபடி வருகிறேன்.

எதை அளக்கிறோம்

‘சைக்கோ’ என்று சினிமாவிலும் தெருவிலும் சொல்வதை மறந்துவிடுங்கள். சைக்கோபதி என்று ஆய்வாளர்கள் பதின்ம வயதில் பார்ப்பது மூன்று இழைகளை: தன்னைப் பெரிதாக நினைத்து மற்றவர்களை ஏமாற்றி ஆட்டுவிப்பது, இரக்கமோ குற்றவுணர்வோ இல்லாமல் இருப்பது, யோசிக்காமல் பொறுப்பில்லாமல் நடப்பது. ஸ்வீடனில் ஹென்ரிக் ஆண்டர்ஷெட்டும் கூட இருந்தவர்களும் 2002இல் வெளியிட்ட 50 கேள்வி வினாத்தாள் (ஒய்.பி.ஐ.) இந்த மூன்றையும் பிள்ளையிடமே கேட்கிறது. பால் ஃப்ரிக் 2004இல் உருவாக்கிய 24 கேள்வித் தாள் நடுவில் உள்ள இழையை மட்டும் பிடிக்கிறது. அதன் பெயரைச் சுருக்கி ஐ.சி.யூ. என்பார்கள், நான் அந்தப் பையனுக்குக் கொடுத்தது இதைத்தான். பெரியவர்களுக்கான சைக்கோபதிப் பட்டியலை உருவாக்கிய ராபர்ட் ஹேர் வழியில் வந்த இளையோர் பட்டியல் 2003இல் வந்தது, 12 முதல் 18 வயதுக்கானது, அதில் பயிற்சி பெற்றவர் நேர்காணல் செய்து, கோப்புகளையும் படித்து 20 அம்சங்களுக்கு மதிப்பெண் போட வேண்டும். பயிற்சி இல்லாமல் அந்தப் பட்டியலைத் தொடவே தொடாதீர்கள்.

18 வயதுக்குக் கீழே யாரையும் சைக்கோபாத் என்று கண்டறிதல் எழுத முடியாது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம்-5 கையேட்டில் 2013 முதல் நடத்தைக் கோளாறுக்கு ஒரு துணைக்குறிப்பு மட்டும் இருக்கிறது. குற்றவுணர்வின்மை, பிறர் வலி தொடாமை, தன் படிப்பு வேலை பற்றி அக்கறையின்மை, மேலோட்டமான உணர்ச்சி ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு, குறைந்தது 12 மாதம், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்திலும் உறவிலும் தெரிந்தால்தான் அந்தக் குறிப்பு. கடைசி இரண்டு நிபந்தனைகளையும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊரில் அவைதான் கை கொடுக்கும்.

இன்னொரு எண்ணும் மனதில் இருக்கட்டும். டொனால்ட் லைனமும் கூட இருந்தவர்களும் பிட்ஸ்பர்க் பையன்களை 13 வயதிலும் மறுபடி 24 வயதிலும் அளந்து 2007இல் வெளியிட்டார்கள். இரண்டுக்கும் இடையே இருந்த தொடர்பு ஏறக்குறைய 0.31 (முழுப் பொருத்தம் என்றால் 1). தொடர்பு உண்டுதான். ஆனால் 24 வயதில் ஆளுக்கு ஆள் தெரிகிற வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட 13 வயது மதிப்பெண் சொல்லிவிடாது. பதின்மூன்றில் முரடாகத் தெரிகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் வளர்ந்து வேறு ஆளாகிவிடுகிறார்கள்.

ஊருக்கு ஊர் எது மாறுகிறது, எது மாறுவதில்லை

இந்தக் குணம் மேற்கத்தியக் கற்பனை, நம் ஊரில் இல்லை என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்பதில்லை. மானுடவியலாளர் ஜேன் மர்ஃபி 1976இல் எழுதிய கட்டுரையில், பேரிங் நீரிணைப் பக்கம் வாழும் யூப்பிக் மக்களிடம் ‘குன்லாங்கெட்டா’ என்று ஒரு சொல் இருப்பதைக் காட்டினார். என்ன செய்ய வேண்டும் என்று மனதுக்குத் தெரியும், ஆனாலும் செய்ய மாட்டான், அப்படிப்பட்டவன். மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களிடமும் அதே மாதிரி ஒரு சொல். நம்மிடம் ஈவிரக்கம் இல்லாதவன், மனசாட்சி இல்லாதவன் என்று எத்தனை சொல் இருக்கிறது! ஆள் எல்லா ஊரிலும் உண்டு, வெளியே தெரிகிற விதம்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

இதை அளந்து காட்டியவர்கள் டேவிட் குக்கும் கிறிஸ்டீன் மிச்சியும். பெரியவர்களுக்கான ஹேர் பட்டியலை வைத்து வட அமெரிக்கக் கைதிகளையும் ஸ்காட்லாந்துக் கைதிகளையும் 1999இல் ஒப்பிட்டார்கள். வட அமெரிக்காவில் 30 எடுப்பவனும் ஸ்காட்லாந்தில் 25 எடுப்பவனும் உள்ளே ஏறக்குறைய ஒரே அளவு குணம் உள்ளவர்கள் என்று தெரிய வந்தது. தட்டில் ஏற்கெனவே ஒரு கல் கிடக்கிற தராசில் ஒருவரையும் சுத்தமான தராசில் இன்னொருவரையும் நிறுத்துவிட்டு யார் கனம் என்று சண்டை போடுவது போலத்தான் வெறும் மதிப்பெண்ணை ஒப்பிடுவது. இரண்டு ஊரும் ஆங்கிலம் பேசுகிற ஊர் என்பதையும் கவனியுங்கள். மொழியே மாறினால் என்ன ஆகும்?

அந்த ஆய்வுகளில் கிடைத்த இன்னொரு விஷயம் எனக்கு இன்னும் முக்கியம். இரக்கமின்மை, குற்றவுணர்வின்மை போன்ற உணர்ச்சிப் பகுதி ஊர் மாறினாலும் ஓரளவு அப்படியே நின்றது. பேச்சு சாமர்த்தியம், தற்பெருமை, ஊர் சுற்றும் வாழ்க்கை மாதிரியானவை அதிகம் ஆட்டம் கண்டன. ஆகவே எங்கே பார்க்க வேண்டும் என்றால், அடுத்தவர் வலி இந்தப் பிள்ளையைத் தொடுகிறதா என்ற இடத்தில் பாருங்கள்.

தமிழாக்குவது

சரி, வேலைக்கு வருவோம். முதலில் வினாத்தாளின் உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள், ஏற்கெனவே தமிழாக்கம் இருக்கிறதா என்றும் அப்போதே விசாரித்துவிடலாம். இல்லையென்றால் இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும், பிறகு எல்லோரும் உட்கார்ந்து வரி வரியாகச் சண்டை போட வேண்டும். சண்டை வருகிற வரிகள்தான் முக்கியமானவை.

எங்களுக்கு வந்தவற்றில் சில சொல்கிறேன். தப்பு செய்தால் ‘கில்ட்டி’யாக உணர்கிறேன் என்ற வரிக்கு எல்லோரும் முதலில் எழுதுவது ‘குற்ற உணர்ச்சி’. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது போலீஸ், குற்றவாளி என்று கேட்கிறது. ‘தப்பு பண்ணினால் மனசு உறுத்தும்’ என்றால் உடனே புரிகிறது. அதே சமயம் ‘அவமானமாக இருக்கும்’ என்று போட்டுவிடக் கூடாது, அவமானம் நாலு பேர் பார்த்ததற்கு வருவது, உறுத்தல் யாரும் பார்க்காவிட்டாலும் வருவது. நாம் தேடுவது உறுத்தலை.

அப்புறம் எதிர்மறை வாக்கியங்கள். ஐ.சி.யூ.வில் பாதிக் கேள்விகள் நேர்மறை, பாதி எதிர்மறை. ‘சிக்கலில் மாட்டிக்கொண்டாலும் நான் கவலைப்படுவதில்லை’ என்ற வரிக்கு, கவலைப்படுகிற பிள்ளை ‘கொஞ்சமும் உண்மையில்லை’ என்று டிக் அடிக்க வேண்டும். இல்லைக்கு மேல் இல்லை! பாதிப் பேர் தடுமாறுவார்கள். பதில் கட்டங்களிலும் ஒரு சிக்கல் உண்டு, நாலில் கடைசி இரண்டை ‘மிகவும் உண்மை’, ‘நிச்சயமாக உண்மை’ என்று போட்டோம், "ரெண்டுக்கும் என்ன மிஸ் வித்தியாசம்?" என்று முதல் வரிசையிலேயே ஒரு பெண் கேட்டுவிட்டாள். எங்களிடம் பதில் இல்லை.

தமிழாக்கம் முடிந்ததும் நேராக 300 பேருக்குக் கொடுக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, கேள்வியைப் படிக்கச் சொல்லி, உனக்கு என்ன புரிந்தது, பதிலை எப்படி முடிவு பண்ணினாய் என்று கேளுங்கள். இதைத் தவிர்த்தவர்கள் எல்லோரும் பின்னால் அவதிப்பட்டிருக்கிறார்கள். ‘யாரையாவது புண்படுத்தினால் மன்னிப்புக் கேட்பேன்’ என்ற வரிக்கு ஒரு பதினொன்றாம் வகுப்புப் பெண் ‘கொஞ்சமும் உண்மையில்லை’ என்று போட்டாள். ஏன் என்றேன். "ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சாரி சொல்வேன் மிஸ். அம்மாகிட்ட எல்லாம் எப்படிச் சொல்றது, சொன்னா அம்மா சிரிக்கும். சண்டை போட்டா பாத்திரம் எல்லாம் கழுவி வெச்சிடுவேன். அம்மா பார்த்துட்டு, சாப்பிட்டியான்னு கேக்கும். அவ்ளோதான்." அவள் மன்னிப்புக் கேட்டாள், அம்மா மன்னித்தும் விட்டாள், ஒரு வார்த்தை இல்லாமல். வினாத்தாள் கணக்கில் அது அக்கறையின்மைக்கு முழுசாக மூன்று மதிப்பெண். நம் வீடுகளில் பாதி மன்னிப்புகள் இப்படித்தான் நடக்கின்றன.

கேட்கிற இடம், கேட்கிற ஆள்

பெற்றோர் ஒப்புதல், பிள்ளையின் சம்மதம் இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். ஆய்வு என்றால் தாளில் பெயர் வேண்டாம். நிரப்பும் நேரத்தில் ஆசிரியர் வகுப்பில் இருக்கக் கூடாது, பெஞ்சுக்கு நடுவே அவர் ஒரு நடை நடந்தாலே எல்லோரும் நல்ல பிள்ளைகள் ஆகிவிடுவார்கள்.

பிள்ளையிடம் மட்டும் கேட்காதீர்கள். ஐ.சி.யூ.வில் பெற்றோர், ஆசிரியர் தாள்களும் உண்டு. மூன்றும் முரண்பட்டால் அது கெட்ட செய்தி இல்லை, எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று காட்டுகிறது.

நேர்காணலில் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்று எழுதுவதை நிறுத்துங்கள். ஆஸ்திரேலியாவில் உளவியலாளர் மார்க் டாட்ஸ் 2006இல் காட்டிய ஒரு நல்ல ஆய்வு உண்டு. இந்தக் குணம் அதிகமுள்ள பிள்ளைகள் படத்திலிருக்கும் முகத்தில் பயத்தை அடையாளம் காணத் தடுமாறுகிறார்கள், கண்ணைப் பார் என்று சொன்னால் மேம்படுகிறார்கள். அதைப் படித்துவிட்டு வந்த ஒருவர், தன்னிடம் தலை குனிந்து பேசிய பையனுக்கும் இந்தக் குணம் என்று குறிப்பு எழுதினார். டாட்ஸ் சொன்னது படத்தில் இருக்கும் முகத்தை. இங்கே எதிரில் இருப்பவர் பெரியவர். நிமிர்ந்து பார்த்தால் "என்னடா முறைக்கிறே" என்று அடி வாங்கி வளர்ந்த பையன் எங்கே பார்ப்பான்?

இன்னொரு பக்கமும் உண்டு. பெரியவர்கள் முன் பவ்யமாக நிற்கத் தெரிந்த பிள்ளையிடம் நாம் ஏமாந்து போகிறோம். வணக்கம், சரிங்க சார், மேடம் என்று நிற்பவன் மேலே இருப்பவர்களிடம் காட்டுவது அவனுடைய மனசு இல்லை, பழக்கம். தன்னைவிடச் சின்னவர்களிடம், வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம், தெருநாயிடம், வகுப்பில் திக்கிப் பேசுகிறவனிடம் அவன் எப்படி இருக்கிறான் என்று விசாரியுங்கள். எங்களைப் போல மேல் கீழ் பார்க்கும் சமூகத்தில் இரக்கமின்மை கீழ்நோக்கித்தான் ஒழுகும். ஸ்வீடனில் எழுதிய வினாத்தாள் அங்கே போய்க் கேட்காது, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வாய்ப்பு இல்லாததைக் குணம் என்று எண்ணாதீர்கள்

இளையோர் பட்டியலில் அடுத்தவர் உழைப்பில் வாழ்வது ஒரு அம்சம். பதினேழு வயதில் அப்பா காசில் இருப்பது நம் வீட்டில் வழக்கம். குறிக்கோள் இல்லாமை இன்னொன்று. பத்தாவதுக்குப் பிறகு எந்த குரூப் என்பதையே வீட்டில் முடிவு செய்தால், உன் குறிக்கோள் என்ன என்ற கேள்விக்கு மௌனம்தான் வரும். கிளர்ச்சி தேடும் கேள்விகளில் பெண் பிள்ளைகள் குறைவாக எடுப்பார்கள், ஆறு மணிக்குமேல் வாசல் தாண்ட விடாத வீட்டில் கிளர்ச்சியை எங்கே தேடுவது? குற்றப் பதிவும் அப்படித்தான், காவல்துறை அதிகம் ரோந்து வரும் குடியிருப்புப் பையனுக்குப் பதிவு அதிகம் இருக்கும்.

சாதி, போர், இழப்பு

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்து மாணவனும் அவன் தங்கையும் கூடப் படித்த மாணவர்களாலேயே வீட்டில் வெட்டப்பட்டார்கள். அதன் பிறகுதான் பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு நீதிபதி சந்துரு குழுவை அமைத்தது, 2024இல் அறிக்கையும் வந்தது. அந்த வாரம் என்னிடம் பேசிய பலர், அவன்களெல்லாம் சைக்கோ என்றார்கள். அந்த மாணவர்களை எனக்குத் தெரியாது, அவர்களைப் பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை. பொதுவாக ஒன்று சொல்கிறேன். அம்மாவிடம் பாசமாக, நண்பனுக்கு உயிரைக் கொடுப்பவனாக இருந்துகொண்டு ஒரு சாதிப் பிள்ளையிடம் மட்டும் கொடூரமாக இருப்பவனுக்கு அந்தத் துணைக்குறிப்பு பொருந்தாது, ஒன்றுக்கு மேற்பட்ட உறவிலும் இடத்திலும் தெரிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அவனுக்கு இரக்கம் இருக்கிறது, யாருக்குக் காட்டக் கூடாது என்று கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அதை நோய் என்று எழுதினால் கற்றுக்கொடுத்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

இழப்பும் மரத்துப் போவதும் இன்னொரு குழப்பம். போரில், சுனாமியில், வீட்டு வன்முறையில் அடிபட்ட பிள்ளைகள் எதையும் உணராதவர்கள் போல இருப்பார்கள். உள்ளே பதற்றம் கொதிக்கும். இயல்பிலேயே இரக்கம் குறைந்தவர்களையும் அடிபட்டு மரத்துப் போனவர்களையும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் 1940களில் மனநல மருத்துவர் பெஞ்சமின் கார்ப்மன் காலத்திலிருந்தே உண்டு. ஆகவே இந்த வினாத்தாளோடு பதற்றத்தையும் அதிர்ச்சி அனுபவங்களையும் கட்டாயம் சேர்த்துக் கேளுங்கள். ஈழத்தின் வடக்கு கிழக்கில் வளர்ந்தவர்களோடு வேலை செய்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்களைக் கையாள்வது

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். மொத்த மதிப்பெண்ணை மட்டும் போடாமல் உட்பகுதிகளைத் தனித்தனியாகப் போடுங்கள். 2006இல் ஜெர்மனியில் 1,443 பதின்ம வயதினரிடம் ஐ.சி.யூ.வைச் சோதித்தபோது இரக்கமின்மை, அக்கறையின்மை, உணர்ச்சி காட்டாமை என்று மூன்று பகுதிகள் பிரிந்தன. மூன்றாவது பகுதிதான் பலவீனமானது என்று பின்னர் வந்த தொகுப்பாய்வும் சொன்னது. ஐந்தே கேள்விகள், அதுவும் உணர்ச்சியை வெளியே காட்டுவதைப் பற்றியவை, ஊர் வழக்கம் நேரடியாகப் புகுந்து விளையாடும் இடம். அடுத்து, இரண்டு ஊரின் சராசரியை ஒப்பிடும் முன் அளவீடு இரண்டிலும் சமமா என்று படிப்படியாகச் சோதியுங்கள்: கேள்விகள் ஒரே பகுதிகளாகப் பிரிகின்றனவா, ஒவ்வொரு கேள்வியின் பலமும் சமமா, தொடக்கப் புள்ளியும் சமமா. கடைசிப் படி தேறாவிட்டால் சராசரியை ஒப்பிடக் கூடாது. ஒரு குழுவுக்கு 200 பேராவது இல்லாமல் இந்தச் சோதனையில் இறங்காதீர்கள். தேறவில்லை என்பதே ஒரு நல்ல கண்டுபிடிப்பு, அதை எழுதுங்கள்.

அறிக்கை எழுதுவது

இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 15ஆம் பிரிவுப்படி, 16 வயது நிரம்பிய பிள்ளை மீது கொடுங்குற்றப் புகார் வந்தால், அந்தப் பிள்ளையின் மன, உடல் திறனை இளைஞர் நீதிக் குழுமம் முதற்கட்டமாக மதிப்பிட வேண்டும், அதற்கு உளவியலாளர் உதவியைக் கேட்கலாம். பிள்ளையைப் பெரியவராகக் கருதி விசாரிப்பதா என்பது அதில் தீர்மானமாகிறது. எப்போதோ யாரோ போட்ட ஒரு மதிப்பெண் அந்த மேசையில் போய் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள். குற்றம் சாட்டும் சொற்கள் கூடாது என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. ‘சைக்கோபதி’, ‘கல்நெஞ்சம்’ எதுவும் வேண்டாம். பார்த்ததை எழுதுங்கள்: யாரிடம், எப்போது, எத்தனை தடவை, யார் சொன்னது.

குணம் உண்மையிலேயே இருந்தால் கைவிட்டுவிடாதீர்கள். எஸ்ஸி வைடிங் 2005இல் இரட்டையர்களிடம் செய்த ஆய்வில் மரபணுவின் பங்கு பெரிதாகத் தெரிந்தது உண்மைதான். ஆனால் 2016இல் தத்துப் பிள்ளைகளைப் பார்த்த ஆய்வில், பெற்ற தாயிடமிருந்து வந்த ஆபத்தை வளர்த்த தாயின் பாராட்டும் ஊக்குவிப்பும் தணித்தன. தண்டனை இந்தப் பிள்ளைகளிடம் சரியாக எடுபடாது, பாராட்டும் உடனடிப் பரிசும் எடுபடும். விஸ்கான்சினில் 1995இல் தொடங்கிய மெண்டோட்டா இளையோர் மையம், யாரும் வேண்டாம் என்ற பையன்களை வைத்து அப்படித்தான் வேலை செய்கிறது, வெளியே போன பிறகு வன்முறைக் குற்றங்கள் குறைந்தன. நம் ஊரில் உடனடி உதவிக்கு 14416 டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், பிள்ளைகளுக்கு 1098.

அந்தப் பையன். மூன்றாவது வாரம்தான் பேசினான். அப்பா இறந்துவிட்டார், அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில். வீட்டில் அவனும் ஆயாவும். ஆயாவுக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். தினமும் காலையில் வெந்நீர் வைத்து, பழைய கட்டைப் பிரித்து, துடைத்து, மருந்து போட்டுப் புதுக் கட்டுப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவான். பிரிக்கும்போது துணி ஒட்டிக்கொண்டு வந்தால் ஆயா கத்துமாம். நீ அழ மாட்டாயா என்று கேட்டேன். "நான் அழுதா ஆயா பயந்துக்கும் மிஸ்."

அறிக்கையில் மதிப்பெண்ணை எழுதவில்லை. காலையில் அவன் என்ன செய்கிறான் என்பதை எழுதி, முதல் பீரியடுக்கு இருபது நிமிடம் தாமதமாக வர அனுமதிக்க வேண்டும், ஊர்ச் செவிலியரை வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.